பதினோராவது பெயர்

நாலு வருஷமாக றாஹிலா ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான். அது என்ன பெரிய வேலையா என்று கேட்கிறவர்கள், மௌத்தாகி மண்ணுக்குப் போன ஒரு நல்ல மனிதரைச் சொந்தப் புருஷன் திட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து கத்தரிக்காய் வெட்டிப் பார்க்க வேண்டும்.

"அந்த முகம்மது தம்பிதான் என்ட புள்ளட பேர எழுதிக் குடுத்தவன். கபுறில கிடந்து பதில் சொல்லட்டும்!"

அபூசாலி சவளக்கடை வயலிலிருந்து வந்து, கால் சேற்றைக் கழுவி, சோற்றில் கை வைக்கும்போது இந்தக் கதை தொடங்கும். முகம்மது தம்பி அவர்களுடைய மஹல்லாப் பள்ளிக்குப் பதினாறு வருஷம் செயலாளராக இருந்தவர். அவர் மௌத்தானபோது கல்முனையில் பாதி ஊர் ஜனாசாவுக்குத் திரண்டது. அபூசாலி போகவில்லை. றாஹிலா மட்டும் மையத்து வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி றுமானாவின் பக்கத்தில் இருந்தாள். றுமானா இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் பேசாத மனுஷி.

நடந்தது இதுதான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், பட்டப் பகலில், கடற்கரை வீதியில் வைத்து றிஸ்வான் என்ற பொடியன் சறூக் என்ற இன்னொரு பொடியனைக் கட்டுத்துவக்கு என்கிற நாட்டுத் துப்பாக்கியால் சுட்டான். இரண்டு பேருடைய கூட்டாளிச் செட்டுக்கும் நாள்பட்ட கொழுவல், சண்டை. சறூக் உயிர் தப்பினான், வலது கால் முழங்காலோடு போய்விட்டது. ஒரு கடையின் கெமராவில் ஏழு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போவது பதிவாகியிருந்தது. ஏழாவது சைக்கிள் றாஸிக்கினுடையது. றாஸிக் அபூசாலிக்கும் றாஹிலாவுக்கும் மூத்த பிள்ளை, அப்போது இருபத்து மூன்று வயது.

சந்தியோடு தான் வலது பக்கம் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டதாக றாஸிக் பொலிஸில் சொன்னான். சந்திக்கு அந்தப் பக்கம் கெமரா இல்லை. சறூக் கண்டது றிஸ்வானையும் முன்னால் வந்த இரண்டு பேரையும்தான், மற்றவர்களெல்லாம் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். ஏழாவது சைக்கிள் போனதா, திரும்பியதா என்பது அல்லாஹ்வுக்கும் றாஸிக்குக்கும்தான் வெளிச்சம்.

ஆனால் அரச தரப்புக்கு அது முக்கியமே இல்லை. ஏழு பேரும் ஒரே கூட்டம், கூட்டமாகப் போனது ஒரே நோக்கத்துக்கு, ஆகவே ஒருவன் சுட்டால் ஏழு பேரும் சுட்ட மாதிரித்தான் என்று குற்றப்பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட எதிரிகளில் றாஸிக் ஏழாம் எதிரி. அவன் அந்தக் கூட்டத்து ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால், பொலிஸ் ஒரு கடதாசியை எடுத்து நீட்டியது. சூட்டுக்குப் பதினான்கு மாதம் முந்திப் பள்ளி நிர்வாகம் கொடுத்த முறைப்பாடு. "கடற்கரை வீதியில் கூட்டமாகத் திரிந்து அட்டகாசம் செய்யும் இளைஞர்கள்" என்று தலைப்பு. கீழே முகம்மது தம்பியின் முத்து முத்தான கையெழுத்தில் பதினொரு பெயர். பதினோராவது பெயர் அபூசாலி முகம்மது றாஸிக்.

அந்தப் பெயரை எழுதச் சொன்னது றாஹிலா.

ஏன் சொன்னாள் என்று அவளைப் போட்டுப் பிடுங்குவதற்கு முதல் அந்த ஊர் வழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளை கொஞ்சம் வழி மாறினால் அந்தப் பக்கத்துத் தாய்மார் பொலிஸுக்கா போவார்கள்? பள்ளிக்குச் சொல்லுவார்கள். பள்ளி நிர்வாகத்து மரைக்காயர்மார் பொடியன்களை அஸர் தொழுகைக்குப் பிறகு கூப்பிட்டு, பள்ளி விறாந்தையில் வரிசையாக நிற்க வைத்து, நாலு ஏச்சு ஏசுவார்கள். தலைமயிர் கண்டபடி இருந்தால் அங்கேயே நாவிதரைக் கூப்பிட்டு ஒட்ட வெட்டி அனுப்புவார்கள். அபூசாலியே அந்தக் காலத்தில் அப்படி வெட்டுப்பட்டவர்தான். தோளில் புரண்ட முடியைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு மாதம் தொப்பியைக் கழற்றாமல் திரிந்தாராம். "அண்டையோட நான் மனிசனானன்" என்று அவரே விழுந்து விழுந்து சிரித்துச் சொன்ன கதை. கலியாணம் முடித்த புதிதில் அதைக் கேட்டு றாஹிலாவும் சிரித்திருக்கிறாள்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் போனாள். அப்போது றாஸிக்குக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தார்கள். றஸ்னா என்ற பெண், குணமான பிள்ளை. பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு கூரை மட்டத்துக்கு எழும்பிவிட்டது. இந்த நேரத்தில் பொடியனைப் பற்றி ஒரு கதை கிளம்பினால் எல்லாம் போச்சு. கதை கிளம்ப முதல் பயம் காட்டி ஒரு வெருட்டு வெருட்டி வைத்தால் நல்லதுதானே? பள்ளியில் பெயர்ப் பட்டியல் எழுதுகிறார்களாம் என்று கேள்விப்பட்ட அன்று முற்பகல், அபூசாலி வயலுக்குப் போன கையோடு, அவள் றுமானாவின் குசினிக்குப் போய் அடுப்படியில் நின்றாள்.

முகம்மது தம்பி உள் அறையிலிருந்தபடியே கேட்டார்.

"உங்கட பொடியன் அந்தச் செட்டில இல்லையே, மகள்?"

"இல்லதான் காக்கா. இல்லாம இரிக்கக்குள்ளயே வெருட்டி வெச்சா நல்லம்தானே. பத்தோட பதினொண்டா அவனயும் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லி விடுங்க."

உள்ளே கடதாசி புரளும் சத்தம் கேட்டது. "நீங்க ஒருக்கா அவனோட கதைச்சுப் பார்த்தயளா?" என்றார்.

"நான் சொன்னாக் கேட்கவா போறான்? பள்ளி சொன்னாக் கேட்பான். காக்கா, புள்ளட வாப்பாக்கு மட்டும் தெரியப்படாது. அமானத்து."

அவர் எழுதினார். அமானத்தாக ஒப்படைத்த இரகசியத்தையும் காப்பாற்றினார், மௌத்து வரைக்கும்.

ஆனால் அந்த முறை பள்ளி விறாந்தையும் இல்லை, நாவிதரும் இல்லை. புதிதாக வந்திருந்த பொலிஸ் பெரியவர் எழுத்தில் கேட்டார் என்று மரைக்காயர்மார் கடதாசியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பொடியன்களோடு யார் மல்லுக்கு நிற்பது, பொலிஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சோம்பல். பதினொரு பேரும் பொலிஸுக்குக் கூப்பிடப்பட்டார்கள். ஆளுக்குக் கன்னத்தில் இரண்டு அறை. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்தார்கள், கைவிரல் அடையாளம் எடுத்தார்கள். றாஸிக் கன்னம் வீங்க வீட்டுக்கு வந்து, "என்ட பேர ஆர் குடுத்த?" என்று கேட்டான். றாஹிலா ஒத்தடம் கொடுத்தாள். இரண்டாம் கிழமை றஸ்னாவின் வீட்டார் கலியாணப் பேச்சை முறித்தார்கள். அபூசாலி பள்ளிக்குப் போய் முகம்மது தம்பியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். "பள்ளி எடுத்த முடிவு, தம்பி" என்பதற்கு மேல் அந்த மனிதர் ஒரு சொல் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவள் றாஹிலா.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்தபோது றாஸிக் பதினொரு மாதம் விளக்கமறியலில் இருந்துவிட்டுப் பிணையில் வெளியே நின்றான். தகப்பனோடு வயலுக்குப் போவான், வருவான், படுப்பான். யாரோடும் கதை பேச்சு இல்லை. சட்டத்தரணி நல்லரெத்தினம் அனுபவசாலி. வழக்குத் தவணைக்குத் தவணை அபூசாலியையும் றாஹிலாவையும் கூப்பிட்டு வழக்கை விளங்கப்படுத்துவார். ஒரு நாள் அபூசாலி அறுவடை மெசினுக்குப் போய்விட, றாஹிலா தனியே வந்திருந்தாள்.

"அம்மா, உங்கட மகன இந்தக் கேஸில கட்டி வெச்சிருக்கிறது அந்த ஒரு கடதாசிதான்" என்றார் நல்லரெத்தினம். "எழுதின ஆள் உயிரோட இல்ல. ஊர்ல கேள்விப்பட்டதை எழுதியிருக்கார், அவ்வளவுதான். கேள்விப்பட்ட கதைக்கு என்ன பெறுமதி எண்டு நான் கேட்பன்."

"ஐயா, அவர் கேள்விப்பட்டு எழுதல்ல." என்றாள் றாஹிலா. "நான்தான் எழுதச் சொன்னன்."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அதை வாயால் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது, கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதல்தான் அவளைக் கெடுத்தது.

நல்லரெத்தினம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை இஞ்சயே விட்டுட்டுப் போங்க அம்மா" என்றார்.

"ஏன் ஐயா? புள்ள அந்தச் செட்டில இல்ல, சும்மா வெருட்டத்தான் பேர் குடுத்த எண்டு நானே சொன்னா, நீதிபதி ஐயாக்கு வெளங்குமே?"

"நான் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப்போட்டு இறங்க ஏலாது. அடுத்த பக்கம் எழும்பிக் கேட்கும்."

"கேட்கட்டும். நான் உண்மையத்தானே சொல்லப் போறன்?"

"அதுதான் அம்மா எனக்குப் பயம்."

அவள் விடவில்லை. அடுத்த தவணைக்கும் கேட்டாள், அதற்கடுத்த தவணைக்கும் கேட்டாள். நல்லரெத்தினம் ஒரு நாள் பொறுமை இழந்து, "நீங்க ஏறப் போறது மகனுக்காகவா, உங்கட மனசுப் பாரத்துக்காகவா?" என்றுகூடக் கேட்டுவிட்டார். றாஹிலாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பெத்த தாயிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனால் நீதிபதி அந்தக் கடதாசியைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்ட பிறகு சட்டத்தரணிக்கும் வேறு வழி குறுகிப்போனது. சரி, பார்ப்போம் என்றார். புருஷனுக்கு முதலில் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் வந்துவிட்டது.

அவள் சாட்சிக் கூட்டில் ஏறியபோது அபூசாலி பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தார். மகனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். நல்லரெத்தினம் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். குசினி, பட்டியல், அமானத்து. அபூசாலி இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. எதிரிக் கூட்டில் கடைசியாக நின்ற றாஸிக்கை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். அவன் இவளையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கணக்கு இவ்வளவு நாளும் பிழையாக வந்துகொண்டிருந்து இப்போதுதான் சரி வந்தவன் மாதிரி இருந்தான்.

பிறகு அரச சட்டத்தரணி எழும்பினாள். றாஸிக்கைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம், அவ்வளவு சின்னப் பெண். மரியாதையான குரல்.

"அம்மா, நீங்க பள்ளிக்குப் போனது மகன்ட நன்மைக்குத்தான். இல்லையா?"

"ஓம் மகள். அதுக்குத்தான்."

"வீட்டில சும்மா இருக்கிற ஒரு பிள்ளையின்ட பேரைக் குடுத்து, வெருட்டி விடுங்க எண்டு ஒரு தாய் கேட்பாவா?"

"கேட்க மாட்டா."

"அப்ப உங்களுக்கு ஒரு பயம் இருந்திருக்கு."

"ஓம்."

"அது யாரோ உங்களுக்குச் சொல்லி வந்த பயமா?"

நல்லரெத்தினம் தலையைத் தூக்கினார். ஓம், ஊரில் கதைத்தார்கள் என்று ஒரு சொல் போதும். கேள்விப்பட்ட கதையாகவே அது கிடந்திருக்கும். றாஹிலாவுக்கு அது அந்த நேரத்தில் விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. விளங்கியது. ஆனால் நாலு வருஷம் மறைத்ததை இறக்கி வைக்க வந்த இடத்தில், சத்தியம் செய்த வாயால், இன்னொன்றை மறைக்க அவளுக்கு வரவில்லை.

"ஆரும் சொல்லல்ல. நான் கண்டன்."

"என்ன கண்டீங்க?"

"றிஸ்வான்ட சைக்கிளில, பின்னால ஏறிப் போனவன். ரெண்டு தரம் கண்டன்."

"றிஸ்வான் எண்டா யார்? இந்த மன்றில இருக்கிறாரா? காட்டுங்க அம்மா."

அவளுடைய விரல் முதலாம் எதிரியைக் காட்டியது. வேறு கேள்வி இல்லை என்று சொல்லி அந்தப் பெண் இருந்துவிட்டாள்.

நல்லரெத்தினம் மறுபடி எழும்பினார். குரலில் அவசரம் தெரிந்தது. "ரெண்டு தரம் மட்டும்தானே அம்மா? அதுக்கு மேல இல்லையே?"

"நான் கண்டது ரெண்டு தரம்" என்றாள் றாஹிலா. அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வாள்?

இறங்கி வந்தபோது பின் வாங்கில் அபூசாலி இல்லை. நீதிமன்றத்திலிருந்து நேரே மையவாடிக்குப் போயிருக்கிறார். மகள் ஹிமாயாவின் புருஷன்தான் கண்டுவந்து சொன்னான், முகம்மது தம்பியின் கபுறடியில் மாமா வெயிலுக்குள் குந்திக்கொண்டு இருக்கிறார் என்று. அங்கிருந்து றுமானாவின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மஃரிபுக்கு, இருட்டுகிற நேரத்தில்தான் வீட்டுக்கு வந்தார். றாஹிலா ஏச்சுக்குக் காத்திருந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்கிற நிலைமையில் இருந்தாள்.

"அந்த மனிசன் பெருநாளைக்குப் பெருநாள் என்ட கையப் பிடிக்க வந்தவர்" என்றார் அபூசாலி. "நான் கையக் குடுக்கல்ல." அதோடு பாயை விரித்துப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் முகம்மது தம்பியைத் திட்டவில்லை. அது றாஹிலாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

றாஸிக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தீர்ப்புக்கு ஆறு கிழமை இருந்தது. அந்த ஆறு கிழமையும் அவன் இவள் கையால்தான் சாப்பிட்டான். கறியில் உப்புக் குறைவு என்றுகூட ஒரு நாள் சொன்னான். அவன் கேட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது கேட்டிருப்பாள். அவன் கேட்கவில்லை என்று அவளும் கேட்காமல் இருந்தாள். தாயும் மகனும் ஒரே அச்சு, வேறென்ன.

தீர்ப்பில் நீதிபதி ஏழு பேரையும் குற்றவாளிகள் என்றார். ஏழாம் எதிரியைப் பற்றி வாசித்த இடத்தில், பள்ளி நிர்வாகத்தின் கடிதத்தை மட்டும் வைத்துத் தான் தீர்மானிக்கவில்லை என்றார். "இவர் இந்தக் கூட்டத்தோடு தொடர்புடையவர் என்பதை இவருடைய தாயே கண்ணால் கண்டு, அஞ்சி, திருத்த முயன்றிருக்கிறார். பெற்ற தாயைவிட நம்பத்தகுந்த சாட்சி இந்த மன்றுக்குக் கிடைக்காது." எட்டு வருஷக் கடூழியச் சிறை.

றாஹிலா அழவில்லை. நீதிபதி தன்னைப் புகழ்கிறாரா, ஏசுகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் அபூசாலி, "யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு தலைப்பாகையால் முகத்தை மூடினார்.

சிறைச்சாலை பஸ் வரும்வரைக்கும் நீதிமன்றத்தின் பக்கத்துக் கம்பிக் கதவடியில் குடும்பத்தாருக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அபூசாலி மகனுடைய விரல்களைக் கம்பிக்குள்ளால் பிடித்துப் பார்த்தார், பிறகு தள்ளிப் போய் நின்றார். றாஹிலா கிட்டப் போனாள்.

"என்னய ஏசு மன, என்ட புள்ள. வாய் தொறந்து ஏசு."

"ஏசி என்ன உம்மா செய்யிற? நீங்க பொய்யா சொன்ன?" என்றான் றாஸிக். "சாப்பிட்டயளா?"

"நான் கண்டனே மன. அவன்ட சைக்கிளில நீ போறத என்ட கண்ணால கண்டனே. அந்தப் பயத்திலதான்..."

"ஓம், கண்டயள். ரெண்டு நாளும் கண்டயள்." அவன் ஏதோ வயல் வேலைக் கதை சொல்கிறவன் மாதிரிச் சொன்னான். "என்ட சைக்கிள் பழுது எண்டு கராஜில கிடந்திச்சே, அந்தக் கிழமை. றோட்டில நிண்டன், அவன் ஏத்திட்டுப் போனான். அந்த ரெண்டு நாள்தான் உம்மா. அதுக்கு முன்ன அவனோட எனக்குக் கதையே இல்ல. பேர் பொலிஸுக்குப் போன பொறகு றஸ்னாட ஊட்டார் போயிட்டாங்க, கூட்டாளிமார் ஒருத்தனும் கிட்ட வரல்ல. வா எண்டு கூப்பிட்டது அவன் மட்டும்தான். அதுக்குப் பொறகுதான் நான் அவன்ட செட்டில சேர்ந்தன்."

றாஹிலா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ட அண்டைக்கே என்னட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே உம்மா" என்றான் அவன்.

பஸ் உள்ளே திரும்பியது. காவலாளி பெயர் கூப்பிடத் தொடங்கினான். முதலாவது பெயர், இரண்டாவது பெயர். றாஹிலா பதறிப்போனாள். மூன்று வருஷத்துக்கு மேல் சட்டத்தரணியிடமும் பொலிஸிடமும் கடைக்காரனிடமும் அவள் விசாரித்த ஒரு விஷயம் இருந்தது, அதை ஒரே வீட்டில் சோறு தின்ற இவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. என்ன பதில் வருமோ என்று பயந்து கேட்கவில்லை.

"மன, அண்டைக்கு நீ சந்தியால திரும்பினயா?"

அவன் அவளுடைய முகத்தை நேரே பார்த்தான்.

"திரும்பினன் உம்மா."

நம்பினாள். கேட்ட உடனே, ஒரு துளி சந்தேகம் இல்லாமல் நம்பினாள். காவலாளி ஏழாவது பெயரைக் கூப்பிட்டான், றாஸிக் போய் ஏறினான். அவன் சந்தியால் திரும்பியவன் என்று இப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதைக் கேட்பதற்கு இனி ஒருவரும் அவளைக் கூட்டில் ஏற்றப் போவதில்லை.